அயல்நாட்டுக் கடிகாரமும் நம்நாட்டு மின்சாரமும்

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலரில் கடிகாரத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் வியக்கக்கூடும். பழந்தமிழ் நூல்களில் பாடவேறுபாடு குறித்து எழுதித் தருமாறுதான் மலர்க்குழுவினர் என்னைக் கேட்டனர். நானும் அப்பொருளையே எழுத எண்ணினேன். எழுதத் தொடங்கிய பின்னரே, பாடவேறுபாட்டின் முதற்பாடத்தை நான் கற்றது எந்த ஏட்டுச் சுவடியிலும் அன்று, எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய ஓர் அமெரிக்கக் கடிகாரத்தில் என்பது நினைவுக்கு வந்தது. அக்கடிகாரத்தின் வரலாறு, காவிரியின் வரலாற்றோடும், நம் தருமபுரி மண்ணின் வரலாற்றோடும் பின்னிக் கிடக்கின்றது. அதனோடு, எங்கள் குடும்பம் ஓர் எளிய மனிதருக்கு இழைத்த பிழையும் அதில் அடங்கியுள்ளது. ஆகவே இதனை எழுதுவது என் கடமை எனக் கருதினேன்.

என் தாய்மாமன் 1991ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து விடுமுறையில் வந்தபோது, என் தந்தையாருக்கு ஒரு பழைய மின் கடிகாரத்தைப் பரிசாகக் கொணர்ந்தார். வட்ட முகம், பால்நிறத் தகடு, நொடி முள் தடைப்படாமல் வழுக்கிச் செல்லும் அழகு ஆகியவற்றைக் காண அண்டை வீட்டார் வந்து சென்றனர். நம் நாட்டு மின்னழுத்தம் அதற்கு மிகுதி என்பதை மாமா அறிந்திருந்தார். எனவே பெங்களூரில் அழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும் வாங்கி வந்திருந்தார். முதல் நாள் மாலை ஆறு மணிக்கு முள்ளைத் திருத்தி மாட்டினோம். மறுநாள் மாலை ஆறு மணிக்குக் கடிகாரம் இரண்டு மணி காட்டியது.

என் தந்தையார் அரசுப் பள்ளி ஆசிரியர். காலம் தவறாமையை உயிரெனக் கருதியவர். கடைவீதியில் சிறு மரப்பெட்டிக் கடை வைத்துக் கடிகாரம் பழுதுபார்த்து வந்த பெரியவரிடம் அதனைக் கொண்டு சென்றார். அவர் நான்கு நாட்கள் வைத்திருந்து, திறந்து, துடைத்து, எண்ணெயிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கடிகாரம் முன்போலவே பின்தங்கியது. "வாத்தியாரய்யா, கடிகாரத்துல குத்தமே இல்லீங்க. கரண்டுலதான் என்னமோ வேற்றுமை இருக்குது" என்றார் அவர். என் தந்தையார் அதனை ஏற்கவில்லை. பல்பு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது, மின்சாரத்தில் என்ன குறை என்று கேட்டார். பற்சக்கரத்தைக் கெடுத்துவிட்டுப் பழியை மின்சாரத்தின்மேல் போடுவதாகச் சினந்து பேசினார். அச்செய்தி பள்ளி ஆசிரியர்களிடையே பரவியது. அதன்பின் அவர்களுள் பலர் தம் கைக்கடிகாரங்களை வேறு கடைக்குக் கொண்டு சென்றனர். அமெரிக்கக் கடிகாரம் ஒரு பழைய துணியில் சுற்றப்பட்டுப் பரண்மேல் ஏறியது.

அப்பெரியவர் கூறியது சரியா, தவறா? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீரும் நாழிகையும்

பொழுதைப் பெரும்பொழுது என்றும் சிறுபொழுது என்றும் பகுத்துக் கண்டவர் தமிழர். ஒரு நாளை 60 நாழிகையாகவும், ஒரு நாழிகையை இன்றைய 24 நிமிடமாகவும் கொண்டு வாழ்ந்தனர். அந்நாழிகையை அளந்தது நீர். சிறு துளையுள்ள வட்டிலில் நீர் புகுவதையோ வடிவதையோ கொண்டு காலம் கணித்தனர். நப்பூதனாரின் முல்லைப்பாட்டில், போர்ப் பாசறையில் இருக்கும் மன்னனுக்கு நீர்க் கடிகை கொண்டு நாழிகை அறிவிப்போர் வருகின்றனர். வட்டிலின் துளை பெரிதாயின் நாழிகை குறுகும், சிறிதாயின் நீளும். காலக் கணக்கின் நேர்மை துளையின் அளவில் இருந்தது.

பிற்காலத்தே ஐரோப்பியரின் ஊசற் கடிகாரம் வந்தது. சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1802ஆம் ஆண்டு அந்நகரின் நெட்டாங்கைக் கணித்துச் சென்னை நேரத்தை வரையறுத்தார். கிரீன்விச் நேரத்தினும் அது 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது. பின்னர் இந்திய இருப்புப்பாதைகள் அந்நேரத்தைப் பொது நேரமாகக் கொண்டன. 1906 சனவரி முதல் நாளன்று இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தபோது, சென்னை நேரத்திற்கும் புதிய நேரத்திற்கும் ஏறக்குறைய 9 நிமிட வேறுபாடு இருந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குச் சிற்றகல இரயில் ஓடத் தொடங்கியதும் அவ்வாண்டில்தான். ஆகவே நம் ஊர் முதன்முதலில் தன் இரயில் நிலையத்தில் கண்ட நேரம் ஊசல் காட்டிய நேரமாகும். அது கடிகாரத்தின் உள்ளேயே பிறந்தது. கடிகாரம் பிழைபட்டால் குற்றம் கடிகாரத்தினுடையதே. என் தந்தையார் மனத்தில் இருந்ததும் இக்கருத்தே.

அலைவை எண்ணும் கடிகாரம்

மின் கடிகாரத்தின் இயல்பு வேறு. வீடுகளுக்கு வரும் மின்சாரம் ஒரே திசையில் பாய்வதன்று. அது முன்னும் பின்னுமாக மாறிமாறிப் பாயும் மாறுதிசை மின்சாரம். நம் நாட்டில் ஒரு நொடிக்கு 50 அலைவுகள், அமெரிக்காவில் 60. இவ்வெண்ணிக்கையையே அலைவெண் என்கிறோம். ஹெர்ட்சு என்னும் அலகால் குறிக்கிறோம். பழைய மின் கடிகாரத்தின் உள்ளே இருக்கும் சிறு மோட்டார் இந்த அலைவுகளோடு ஒத்து இயங்குவது. அலைவு விரைந்தால் அது விரையும். அலைவு தளர்ந்தால் அது தளரும். மின்னழுத்தம் சிறிது கூடினாலும் குறைந்தாலும் அதன் வேகம் மாறாது. இரு காந்த முனைகள் கொண்ட மோட்டார் 60 அலைவு மின்சாரத்தில் நிமிடத்திற்கு 3,600 முறை சுழலும். 50 அலைவில் 3,000 முறை சுழலும். அச்சுழற்சியைப் பற்சக்கரங்கள் படிப்படியாகக் குறைத்து முட்களுக்குத் தருகின்றன. நொடி முள் விட்டுவிட்டுத் துள்ளாமல் வழுக்கிச் செல்வதன் காரணமும் இதுவே.

ஆகவே இக்கடிகாரம் காலத்தை அளப்பதில்லை; எண்ணுகின்றது. காலத்தை உண்மையில் அளப்பது தொலைவில் உள்ள மின்நிலையத்தின் சுழற்சியே. வீட்டுச் சுவரில் இருப்பது அச்சுழற்சியின் நிழல்.

இதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி வாரன். அவர் தாம் அமைத்த மோட்டாரால் ஒரு கடிகாரத்தை ஓட்டிப் பார்த்தார். அது நாள்தோறும் பல நிமிடங்கள் பிழைபட்டது. மோட்டாரில் குறையில்லை, மின்நிலையமே ஒரு சீராகச் சுழலவில்லை என்று அவர் உணர்ந்தார். எனவே பாசுடன் நகர மின்நிலையத்தில் 1916 அக்டோபர் 23 அன்று ஒரு தலைமைக் கடிகாரத்தை நிறுவினார். அதில் ஒரு முள் ஊசலால் இயங்கியது. மற்றொரு முள் மின்நிலையத்தின் அலைவால் இயங்கியது. இரண்டும் பிரியாமல் செல்லுமாறு எந்திரங்களை நடத்துவது பணியாளர் கடமையாயிற்று. அன்று முதல் மின்நிலையம் ஒளியோடு காலத்தையும் வழங்கும் இடமாயிற்று. 1930களில் பிரிட்டனிலும் நாடு தழுவிய மின்வலை அமைந்தபின் இத்தகைய கடிகாரங்கள் இல்லந்தோறும் பரவின.

கடிகாரம் பிழை காட்டியபோது மின்சாரத்தை ஐயுற்றவர் வாரன். எங்கள் ஊர்ப் பெரியவரும் அதையே செய்தார். ஒருவருக்குப் புகழ் கிடைத்தது. மற்றவருக்குப் பழி கிடைத்தது.

காவிரி கண்ட அலைவுகள்

எல்லா நாட்டிலும் ஒரே அலைவெண் அமைந்திருந்தால் இத்துன்பம் நேர்ந்திராது. ஆனால் மின்துறையின் தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு ஏற்றதொரு எண்ணைக் கைக்கொண்டது. சப்பானில் 1890களில் தோக்கியோ நகரம் செருமானிய எந்திரங்களையும், ஒசாக்கா நகரம் அமெரிக்க எந்திரங்களையும் வாங்கின. அதன் விளைவாக இன்றளவும் அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் 50 அலைவும், மேற்குப் பகுதியில் 60 அலைவும் நிலவுகின்றன. கொல்கத்தாவில் 1899இல் தொடங்கிய மின்வழங்கல் ஒரே திசையில் பாயும் நேர்மின்சாரமாக இருந்தது. அதில் எண்ணுவதற்கு அலைவே இல்லை. எனவே ஒத்தியங்கும் கடிகாரம் அதில் ஓடவே ஓடாது.

நம் மாவட்டத்திற்கு அண்மையிலேயே இதற்கொரு சான்று உண்டு. ஒகேனக்கல்லில் விழும் காவிரி, அதற்கு முன்பே மைசூர் நாட்டில் சிவசமுத்திரத்தில் ஒருமுறை விழுந்து வருகின்றது. சேஷாத்திரி ஐயர் திவானாக இருந்த காலத்தில் திட்டமிடப்பட்டு, சோலி டி லோட்பினியர் என்னும் பொறியாளரின் முயற்சியால் அங்கு மின்நிலையம் எழுந்தது. 1902இல் அங்கிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. 1905இல் பெங்களூர்த் தெருக்கள் மின்னொளி பெற்றன. அம்மின்சாரம் நொடிக்கு 25 அலைவுகள் உடையது. பெரிய எந்திரங்களை ஓட்டுவதற்குக் குறைந்த அலைவெண்ணே ஏற்றது என்பது அக்காலப் பொறியாளர் கருத்து. அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்நிலையமும் 1895இல் 25 அலைவோடுதான் தொடங்கியது.

நம் பக்கத்தில் சென்னை மாகாண அரசு 1932இல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையத்தை இயக்கியது. 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்று, 1937இல் அதன் அடிவாரத்தில் மின்நிலையம் இயங்கியது. அணையில் தேங்கும் நீர் நம் பென்னாகரம் வட்டத்து எல்லைவரை பின்னோக்கி நிற்பதை அன்பர்கள் அறிவர். இவை 50 அலைவு மின்சாரத்தை வழங்கின. ஆகவே ஒரே காவிரி நீர், சிவசமுத்திரத்தில் நொடிக்கு 25 என்றும், ஒகேனக்கல்லைக் கடந்து மேட்டூரில் இறங்கியதும் 50 என்றும் எண்ணப்பட்டது. மேட்டூர் மின்சாரத்திற்கென்று செய்த கடிகாரத்தை 25 அலைவு மின்சாரத்தில் மாட்டினால் ஒரு மணி நேரத்தில் அரைமணிதான் நகரும். ஆற்றில் பிழையில்லை, கடிகாரத்திலும் பிழையில்லை.

இங்கே நான் கண்டு மகிழ்ந்த செய்தி ஒன்றுண்டு. நாழிகை வட்டிலைக் கைவிட்டு நெடுங்காலம் ஆயிற்று என்று நாம் எண்ணியிருக்கிறோம். ஆனால் மேட்டூரின் நீர்ச்சுழலி சுழல, அச்சுழற்சியை எண்ணிச் சுவரில் முள் நகர்ந்தபோது, தமிழர் இல்லத்தில் மீண்டும் ஒரு நீர்க் கடிகையே வந்து தொங்கியது. வட்டிலின் துளைக்குப் பதிலாக அலைவெண் அமைந்தது, அவ்வளவே வேறுபாடு.

அறுபதும் ஐம்பதும்

இனி எங்கள் வீட்டுக் கடிகாரத்திற்கு வருவோம். 60 அலைவுகள் வந்தால் ஒரு நொடி என்று எண்ணுமாறு அது செய்யப்பட்டது. நம் மின்சாரமோ நொடிக்கு 50 அலைவே தருகின்றது. ஆகவே நம் ஒரு மணி நேரத்தில் அது 50 நிமிடமே நகரும். ஒரு நாளில் 4 மணி நேரம் பின்தங்கும். இதனை நம் முன்னோர் கணக்கில் சொன்னால் இன்னும் எளிது. 60 நாழிகை கொண்ட நாளை அது 50 நாழிகையாகக் காட்டும். அதற்குரிய நாட்டில் ஒரு நாளைக்கு 51,84,000 அலைவுகளை எண்ணியது. இங்கு வந்து 43,20,000 அலைவுகளை எண்ணியது. ஒன்றையும் விடாமல் எண்ணிற்று. எண்ணியதை மறையாமல் காட்டிற்று.

அழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஏன் உதவவில்லை என்பதும் இப்போது விளங்கும். அது 230 வோல்ட்டை 110 அல்லது 120 வோல்ட்டாக மாற்றும்; 50 அலைவை 60 அலைவாக மாற்றாது. மதகின் வழியே வரும் நீரின் அழுத்தத்தைக் குறைக்கலாம். ஆற்றின் துடிப்பை மாற்ற இயலாது. மேலும், 60 அலைவுக்கென்று சுற்றிய கம்பிச்சுருள் 50 அலைவில் மிகுதியான மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். 120 வோல்ட்டுக்குரிய கடிகாரத்திற்கு 50 அலைவில் ஏறக்குறைய 100 வோல்ட்டே போதுமானது. பழைய கடிகாரங்களில் துணியுறையிட்ட கம்பிகள் இற்றுப் போயிருக்கும் என்பதால், அவற்றை மாற்றாமல் மின்சாரத்தில் இணைப்பது தீங்கு தரும்.

செம்மையாக ஓட்டும் வழிகள்

அயல்நாட்டு மின் கடிகாரத்தை நம் மின்சாரத்தில் பிழையின்றி ஓட்ட மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, பற்சக்கர விகிதத்தை 6க்கு 5 என்ற அளவில் மாற்றுவது. கடிகாரத்தை மொழிபெயர்ப்பது என்று இதனைச் சொல்லலாம். வாரன் தொடங்கிய நிறுவனம் 25, 50, 60 அலைவு நாடுகளுக்கென்று தனித்தனி மோட்டார்க் கூடுகளைச் செய்து விற்றது. கூட்டினை மட்டும் மாற்றினால் கடிகாரம் புதிய நாட்டின் கணக்கைக் கற்றுக்கொள்ளும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் 1949 தொடங்கிப் பத்தாண்டுகளில் 25 அலைவிலிருந்து 60 அலைவுக்கு மாறியபோது, மின்வாரியமே வீடு வீடாகச் சென்று மோட்டார்களையும் கடிகாரங்களையும் மாற்றித் தந்தது. அலைவெண்ணை மாற்றியவர்கள், அதனால் விளையும் பிழைக்குப் பொறுப்பும் ஏற்றனர்.

இரண்டாவது, கடிகாரத்தைத் தொடாமல் மின்சாரத்தை மாற்றுவது. ஒரு சிறு மின்னணுச் சுற்று 60 அலைவு மின்சாரத்தைப் புதிதாக உண்டாக்கிக் கடிகாரத்திற்கு ஊட்டும். கடிகாரத்திற்கு வேண்டுவது இரண்டு மூன்று வாட் ஆற்றலே ஆதலின் இது கடினமன்று. அலைவுகளைச் சீராகத் தருவது குவார்ட்ஸ் என்னும் பளிங்குத் துண்டு. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கென்று பெருமளவில் செய்யப்பட்ட பளிங்கிலிருந்து 60 அலைவைப் பகுத்தெடுக்கும் சில்லுகள் 1970களிலேயே விற்பனைக்கு வந்தன. இதனை மின்கலத்தோடு இணைத்துவிட்டால் மின்வெட்டிலும் கடிகாரம் நிற்காது.

மூன்றாவது வழி, எண்களை ஒளியால் காட்டும் மேசைக் கடிகாரங்களுக்கு உரியது. அமெரிக்காவிலிருந்தும், 60 அலைவு மின்சாரம் உடைய சவூதி அரேபியாவிலிருந்தும் நம்மவர் வாங்கிவந்த கடிகார வானொலிகள் இவ்வகையின. இவற்றிலும் பல வகைகள் மின்சாரத்தின் அலைவையே எண்ணின. ஆனால் அவற்றின் சில்லில் 50, 60 என இரு கணக்கிற்கும் இடம் வைத்திருந்தனர். ஒரு கம்பியை இடம் மாற்றிப் பற்றவைத்தால் போதும். இதனை அறியாமல் குப்பைக்குப் போன கடிகார வானொலிகள் நம் ஊர்களில் பல இருக்கக்கூடும்.

தென்னகத்தின் தளர்நடை

50 அலைவுக்கென்று செய்த பிரிட்டிசுக் கடிகாரங்கள் நம் நாட்டில் செம்மையாக ஓடினவா என்றால், அவையும் முழுமையாக ஓடவில்லை. ஒரு மின்வலையில் இணைந்த எல்லா மின்நிலையங்களும் ஒரே சுழற்சியில் இயங்குவன. பலர் வடம் பிடித்து இழுக்கும் தேரை இதற்கு உவமையாகக் கூறலாம். பாரம் மிகுந்தால் தனியொருவர் மட்டும் தளர்வதில்லை. தேர் முழுதும் தளர்கின்றது. மின் தேவை பெருகி உற்பத்தி போதாதபோது வலை முழுவதன் அலைவெண்ணும் தாழ்கின்றது.

1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் அலைவெண் நூற்றுக்கு 3 அளவு கூடவோ குறையவோ இடம் தந்தன. அதாவது 48.5 வரை தாழலாம். அந்நிலை நாள் முழுதும் நீடித்தால் கடிகாரம் ஒரு நாளில் 43 நிமிடம் 12 நொடி பின்தங்கும். 1990களில் தென்னக மின்வலை அவ்வெல்லைக்கும் கீழே அடிக்கடி தாழ்ந்தது. ஆகவே எங்கள் வீட்டுக் கடிகாரத்தில் 50 அலைவின் பிழைக்கு மேலும் ஒரு பிழை அவ்வப்போது சேர்ந்திருக்க வேண்டும்.

2003 சனவரி முதல் தென்மண்டலத்தில் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. அலைவெண் தாழ்ந்திருக்கும் வேளையில் ஒதுக்கீட்டினும் மிகுதியாக மின்சாரம் எடுத்தால் மிகுந்த விலை தர வேண்டும் என்பது அதன் சாரம். அதன்பின் அலைவெண் பெரிதும் சீர்ப்பட்டது. 2013 திசம்பர் 31 அன்று இராய்ச்சூர் - சோலாப்பூர் மின்தடத்தின் வழியே தென்னகம் பிற மண்டலங்களோடு இணைந்தது. அன்று முதல் காசுமீரத்திற்கும் கன்னியாகுமரிக்கும் ஒரே அலைவு. ஆயினும் 49.9 என்னும் அளவில் ஒரு நாள் நின்றாலே கடிகாரம் ஏறக்குறைய 2 நிமிடம் 53 நொடி பின்தங்கும். ஏறியதும் இறங்கியதும் ஈடுகட்டப்பட்டால் மட்டுமே முள் சரியாக நிற்கும்.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய குறையன்று. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செர்பியா, கொசோவோ பகுதியில் எழுந்த மின்பற்றாக்குறையால் ஐரோப்பிய மின்வலையின் சராசரி அலைவெண் 49.996 ஆயிற்று. மிகச் சிறிய குறைவே அது. எனினும் சனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச்சுத் தொடக்கத்திற்குள், அவ்வலையை நம்பிய கடிகாரங்கள் ஏறக்குறைய 6 நிமிடம் பின்தங்கின. இரு நாட்டாரின் பூசல், பல நாட்டு அடுக்களைகளில் நேரமாக வெளிப்பட்டது.

ஓசூரின் பளிங்கு

மின்சாரத்தை நம்பிய கடிகாரத்தின் காலம் முடிந்ததற்கும் நம் மாவட்டம் சான்றாக நிற்கின்றது. 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன் என்பார் ஒரு துணைவரோடு முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை அமைத்தார். 1969இல் சப்பான் அதனைக் கைக்கடிகாரத்திற்குள் அடக்கி விற்பனைக்குக் கொணர்ந்தது. 1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. ஓசூரில் எழுந்த அதன் தொழிலகத்திலிருந்து 1980களின் பிற்பகுதியில் குவார்ட்ஸ் கைக்கடிகாரங்கள் வெளிவந்தன. 2004இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஓசூர் தருமபுரி மாவட்டத்தின் பகுதியே.

அக்கைக்கடிகாரத்தின் பளிங்கு நொடிக்கு 32,768 முறை அதிர்வது. அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று என்று வரும். அதற்கு ஆறும் வேண்டா, அணையும் வேண்டா. அமெரிக்காவிலும் தருமபுரியிலும் அது ஒரே காலத்தையே காட்டும். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கடிகாரம் அலைவெண் வேறுபாட்டால் உறங்கிக் கிடந்த அதே ஆண்டுகளில், அதே மாவட்டத்தின் வடகோடியில் அவ்வேறுபாட்டையே கடந்த கடிகாரங்கள் செய்யப்பட்டுக்கொண்டிருந்தன. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் அறிவு எங்களுக்கு அன்று இல்லை.

முடிவாக

என் தந்தையார் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின் பரணை ஒழித்தபோது அக்கடிகாரம் கைக்கு வந்தது. பின்மூடியில் '60 சைக்கிள்' என்று பொறித்திருந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே நான்காய் மடித்த ஒரு சீட்டு இருந்தது. கடை ரசீதின் பின்புறத்தில் பென்சிலால் எழுதப்பட்ட இரு வரிசை எண்கள். இடப்புறம் ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி என்று பன்னிரண்டு வரை. வலப்புறம் 10, 20, 30 என்று 120 வரை. சில இடங்களில் ஒன்றிரண்டு நிமிடம் கூடியிருந்தது. அடியில், "ஒரே அளவாகப் பின்தங்குது. ரிப்பேர் இல்லை" என்று எழுதியிருந்தார்.

அச்சீட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவடிகளை ஒப்புநோக்கும் முறையை நான் மாணவர்க்குக் கற்பித்து வருகிறேன். ஏடெழுதுவோர் கைப்பிழை முன்னும் பின்னுமாக ஒழுங்கின்றி வரும். ஒரே வகையான வேறுபாடு தொடர்ந்து வருமாயின் அதனைப் பிழையென்று தள்ளிவிடலாகாது. அவ்வேடு வேறொரு மூலத்தினின்று வந்தது என்பதற்கு அது சான்றாகும். இம்முறையை நான் ஆய்வுப் பட்டத்திற்குப் பயின்றபோது கற்றேன். கடைவீதியில் மரப்பெட்டிக் கடை வைத்திருந்தவர், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அம்முறையால் எங்கள் கடிகாரத்தை ஆராய்ந்து முடிவும் எழுதி வைத்திருக்கிறார். பழுதான கடிகாரம் ஒழுங்காகப் பின்தங்காது என்பது அவர் கண்ட உண்மை. அதனைப் படித்துப் பார்க்க எங்கள் வீட்டில் ஒருவரும் முயலவில்லை. வெளிநாட்டுப் பொருள் பழுதாகாது, உள்நாட்டு மின்சாரத்தில் வேறுபாடு இராது, ஆகவே நம் ஊர்க் கைவினைஞரே தவறு செய்திருக்க வேண்டும் என்ற முடிவு எங்களுக்கு எளிதாக இருந்தது.

அவரைத் தேடிச் சென்றேன். கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கின்றனர். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின என்று அருகிலிருந்த பூக்கடை அம்மையார் கூறினார். பிற்காலத்தில் அவருக்கு வேலை மிகுதியாக வரவில்லை என்றும் கூறினார். குவார்ட்ஸ் கடிகாரம் மலிந்ததால் பழுதுபார்ப்போர் எல்லாருக்கும் நேர்ந்த நிலைதான் அது. ஆயினும் அதில் எங்கள் வீட்டின் பங்கும் சிறிது உண்டு என்பதை நான் மறுக்க இயலாது.

எங்கள் கல்லூரியில் மின்னணுவியல் பயிலும் மாணவர் ஒருவர், மேலே கூறிய இரண்டாம் முறைப்படி ஒரு சிறு பெட்டி செய்து தந்தார். பழைய கம்பிகளை மாற்றினோம். இன்று அக்கடிகாரம் என் படிப்பறையில் 60 அலைவோடு ஓடுகின்றது. ஒரு மாதத்தில் சில நொடிகளே வேறுபடுகின்றது. அச்சீட்டை மடித்தவாறே பின்மூடிக்குள் மீண்டும் வைத்துவிட்டேன். அது அங்கு இருப்பதே முறை.

காலத்தைக் காட்டும் கருவி எதுவும் தனித்து நின்று உண்மை பேசுவதில்லை. அது எந்த நீரை, எந்த அலைவை எண்ணுகின்றது என்பதை அறிந்த பின்னரே அதனைச் சரி என்றோ தவறு என்றோ கூறுதல் வேண்டும். நூல்களுக்கும் இது பொருந்தும்; மனிதர்க்கும் பொருந்தும். கடைவீதிப் பெரியவர் சொன்னது சரி. வாத்தியார் வீட்டார் சொன்னது தவறு.